உயிர் என்னும் உறைமோர்

(சந்தாபுராவில் நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யான் இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் எழுத்தன். பள்ளி இறுதித் தேர்வோடு என் கல்வி நின்றது. பின்னர்க் கற்றவையெல்லாம் வேலை முடிந்த மாலை நேரங்களில் நூலகங்களில் தேடிக் கற்றவையே. விஞ்ஞானப் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். நம் குழந்தைகள் பள்ளியில் விஞ்ஞானத்தை ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் கற்கின்றனர். வீடு திரும்பி, “அப்பா, உயிர் என்றால் என்ன? அது முதன்முதலில் எப்படி வந்தது?” என்று தமிழில் கேட்கின்றனர். தமிழில் கேட்ட கேள்விக்குத் தமிழில் விடை கூற நமக்குச் சொல் வேண்டாவா? அந்தக் கடமையின் ஒரு சிறு கூறாகவே இச்சொற்பொழிவை மேற்கொண்டேன்.

உயிரின் அடையாளம் எது?

உயிருள்ளது எது, உயிரற்றது எது என்று கேட்டால் சிறு குழந்தையும் விரல் நீட்டிக் காட்டிவிடும். ஆனால் இலக்கணம் கூறப் புகுந்தால் பெரியோரும் தடுமாறுவர்.

அசைவதே உயிர் என்பார் சிலர். ஓசூர்ச் சாலையில் இரவும் பகலும் விரையும் லாரிகள் அசைகின்றன. அவற்றுக்கு உயிர் இல்லை. ஆலமரம் நின்ற இடத்திலேயே நூறாண்டு நிற்கிறது. அதற்கு உயிர் உண்டு. உண்பதே உயிர் என்பார் வேறு சிலர். தீயும் விறகை உண்கிறது, காற்றை வாங்குகிறது, சாம்பலைக் கழிக்கிறது, ஒரு கூரையினின்று மறு கூரைக்குத் தாவிப் பெருகவும் செய்கிறது. எனினும் தீயை உயிர் என்று எவரும் கூறார். வளர்வதே உயிர் என்றால், உப்பளத்தில் உப்புப் படிகமும் வளர்கிறதே! இனம் பெருக்குவதே உயிர் என்றால், கோவேறு கழுதை பொதுவாகக் குட்டி ஈனுவதில்லையே! அதனை உயிரற்றது என்போமா?

மூச்சு விடுவதே உயிர் என்பதும் எளிதில் நிற்பதன்று. இஸ்ரேல் நாட்டில் மசாதா என்னும் பழங்கோட்டையில் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட பேரீச்சங்கொட்டைகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றை 2005-ஆம் ஆண்டில் ஊன்றி நீர் வார்த்தனர். அது முளைத்து மரமாயிற்று! அத்தனை நூற்றாண்டுகளும் அது கல்லைப் போலவே கிடந்தது. ஆயினும் கல் அன்று.

நம் முன்னோரும் இதனை எண்ணிப் பார்த்தனர். தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தது. அங்கே புல்லும் மரமும் ஓரறிவுயிராக இடம்பெற்றுள்ளன. அசையாத மரத்தையும் உயிர்க் குலத்திலே சேர்த்த தெளிவு போற்றத்தக்கது. அதற்கு நெடுங்காலத்திற்குப் பின், 1901-ஆம் ஆண்டு மே மாதம் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜகதீச சந்திர போஸ், செடிகளும் தூண்டலுக்கு மறுவினை காட்டுகின்றன என்பதைக் கருவிகளின் துணையால் மெய்ப்பித்துக் காட்டினார்.

மூன்று இலக்கணங்கள்

அவ்வாறாயின் உயிருக்கு இலக்கணம் யாது? இன்றைய விஞ்ஞானிகள் கூறுவனவற்றை மூன்றாகத் தொகுத்துக் கொள்ளலாம்.

முதலாவது, வேலி. ஒவ்வோர் உயிரணுவைச் சுற்றியும் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. “இது உள், அது புறம்” என்று பிரிப்பது அது. ஆனால் அது மதிற்சுவர் அன்று; வேண்டியதை உள்ளே விட்டு வேண்டாததை வெளியே தள்ளும் வாயில்களை உடைய வேலி.

இரண்டாவது, ஓயாத வரவு செலவு. எம் தொழிலிலிருந்தே ஓர் உவமை கூறுவேன். ஒரே எண்ணுடைய புகைவண்டி நாள்தோறும் புறப்படுகிறது. இன்று பூட்டிய என்ஜின் நாளை இல்லை. ஓட்டுநர் வேறு, கார்டு வேறு, பெட்டிகள் வேறு, பயணிகளும் வேறு. ஆயினும் அதே வண்டி என்கிறோம். ஏன்? அந்த ஓட்டத்தின் ஒழுங்குதான் வண்டி. இரும்பும் மரமும் அல்ல. நம் உடலும் அத்தகையதே. நம் குருதியிலுள்ள சிவப்பணு ஏறத்தாழ 120 நாளே வாழ்கிறது. பழையன அழியப் புதியன தோன்றுகின்றன. பொருள் மாறிக்கொண்டே இருக்க, ஒழுங்கு மட்டும் நிலைத்து நிற்பதே உயிர்.

மூன்றாவது, நகல். உயிர் தன்னை ஆக்கும் குறிப்பைத் தன்னுள்ளேயே ஒரு பதிவேடாக வைத்திருக்கிறது. அந்தப் பதிவேட்டைப் பெயர்த்தெழுதித் தன் வழித்தோன்றலுக்குத் தருகிறது. பெயர்த்தெழுதுங்கால் அருகிய சில எழுத்துகள் மாறுகின்றன. அம்மாற்றங்களுள் சூழலுக்கு ஏற்றது நிலைக்கிறது, ஏலாதது மறைகிறது. டார்வின் கூறிய பரிணாமம் இதுவே. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் அறிஞர் குழு ஒன்று 1994-இல் உயிரை வரையறுத்தபோது, தன்னைத் தானே நடத்திக்கொள்வதும் டார்வினின் பரிணாமத்துக்கு உட்படுவதுமான இரசாயன அமைப்பு என்றே கூறியது.

தீக்குப் பதிவேடு இல்லை. ஆகவே அது உயிர் அன்று. கோவேறு கழுதை குட்டி ஈனாவிடினும் அதன் உடலின் உயிரணுக்கள் நாள்தோறும் பிளந்து பெருகுகின்றன. ஆகவே அது உயிரே. அண்மையில் உலகையே ஆட்டிவைத்த வைரஸ் எத்தகையது? அதனிடம் பதிவேடு உண்டு. வரவு செலவு இல்லை. சமையற்குறிப்பை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு அயல்வீட்டு அடுப்பைத் தேடி அலைபவன் போன்றது அது. எல்லைக்கோட்டின் மேலே நிற்கும் அதனை எப்பக்கம் சேர்ப்பது என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர்.

உயிரிலிருந்தே உயிர்

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். உயிர் எங்ஙனம் தோன்றிற்று?

அழுகிய இறைச்சியில் புழு தானே தோன்றும் என்று உலகம் நெடுங்காலம் நம்பியது. 1668-இல் இத்தாலிய அறிஞர் ரெடி, இறைச்சிக் கலத்தின் வாயைத் துணியால் மூடி வைத்தார். ஈ மொய்க்க இயலவில்லை. இறைச்சியில் புழுவும் தோன்றவில்லை. பின்னர்ப் பிரான்சு நாட்டின் லூயி பாஸ்டர், 1859-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில், அன்னத்தின் கழுத்தைப் போல் வளைந்த குடுவைகளில் சாற்றைக் கொதிக்க வைத்தார். காற்று உள்ளே செல்லும். ஆனால் தூசியும் அதிலுள்ள நுண்ணுயிர்களும் வளைவிலே தங்கிவிடும். சாறு கெடவே இல்லை. குடுவையின் கழுத்தை உடைத்ததும் சில நாளில் கெட்டது. உயிர் உயிரிலிருந்தே வரும் என்பது உறுதியாயிற்று.

நம் தாய்மார்களுக்கு இது புதிய செய்தி அன்று. பாலைக் காய்ச்சி ஆறவைத்து, நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றினால்தான் இன்றைய தயிர். உறைமோர் இல்லையேல் அடுத்த வீட்டில் இரவல் வாங்குகிறோம். “உறை இல்லாதபோது மிளகாய்க் காம்பைப் போட்டும் தயிராக்குவோமே!” என்று இங்கே ஒரு தாயார் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. காம்பிலே ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் அங்கே உறையாகின்றன. கண்ணுக்குத் தெரியாத உறை, ஆயினும் உறையே.

நேற்றைய தயிருக்கு முன்னாள் தயிர். அதற்கு முன் அதன் முன்னாள் தயிர். அந்தத் தயிரின் நுண்ணுயிருக்கும் நமக்கும், வாசலில் நிற்கும் வேம்புக்கும், ஏரிக்கரைக் கொக்குக்கும் இவ்வாறே தாய்க்கு முன் தாய் என்று பின்னோக்கிச் செல்லின், எல்லாக் கிளைகளும் ஒரே மூதாதையிடம் சென்று சேரும். எல்லா உயிர்களின் பதிவேடும் ஒரே எழுத்து முறையில், பெரிதும் ஒரே அகராதியைக் கொண்டு எழுதப்பட்டிருப்பதே அதற்குச் சான்று.

முதல் உறை எங்கிருந்து வந்தது?

அங்ஙனமாயின் முதல் உறையை ஊற்றியது எது? பாஸ்டரின் சோதனைக்குப் பின் இக்கேள்வி முன்னிலும் கூர்மையாயிற்று.

டார்வின் 1871-இல் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், வெதுவெதுப்பான ஒரு சிறு குட்டையில் இரசாயனப் பொருள்கள் கூடி உயிரின் மூலப்பொருள் உருவாகியிருக்கலாமோ என்று கருதிப் பார்த்தார். ரஷ்ய அறிஞர் ஓபரின் 1924-இலும், ஆங்கில அறிஞர் ஹால்டேன் 1929-இலும் அக்கருத்தை ஒருவரையொருவர் சாராது விரித்துரைத்தனர். ஆதிப் பூமியில் பிராணவாயு காற்றில் கலந்திருக்கவில்லை. மின்னலும் கதிரவனின் ஒளியும் வாயுக்களைத் தாக்கிப் புதுப் பொருள்களை ஆக்கின. அவை நீரில் கரைந்து கஞ்சியெனத் திரண்டன என்பது அவர்தம் கொள்கை. ஹால்டேன் 1957-இல் நம் நாட்டிற்கே குடிபெயர்ந்து, கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணிபுரிந்து, 1964-இல் புவனேஸ்வரத்தில் மறைந்தார் என்பதை நாம் பெருமையுடன் நினைக்கலாம்.

கொள்கையைக் குடுவையில் இட்டுச் சோதித்தவர் ஸ்டான்லி மில்லர். 1953-இல் சிக்காகோவில் ஆராய்ச்சி மாணவராயிருந்த அவர், தம் ஆசிரியர் ஹெரால்டு யூரியின் வழிகாட்டுதலில் மீதேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றை ஒரு கண்ணாடிக் கருவியுள் அடைத்து மின்பொறி பாய்ச்சினார். ஒரு வாரத்தில் நீர் நிறம் மாறிற்று. அதனுள் அமினோ அமிலங்கள் இருந்தன! புரதம் என்னும் மாளிகைக்கு அவையே செங்கற்கள். ஆதிக் காற்று மில்லர் கருதிய கலவையாகவே இருந்ததா என்பதில் இன்று ஐயம் உண்டு. எனினும் உயிரின் செங்கற்கள் உயிரின் துணையின்றியே உருவாகும் என்பதில் ஐயமில்லை.

நம் பக்கத்து அறிஞர்கள்

இவ்வாராய்ச்சியில் நம் பக்கத்தார் பங்கும் உண்டு. அலகாபாத் பல்கலைக்கழகத்தின் இரசாயன அறிஞர் கிருஷ்ண பகதூர், 1960-களில் எளிய இரசாயனக் கலவைகளைக் கதிரொளியில் வைத்து, அவற்றில் தோன்றிய நுண்ணிய உருண்டைகளுக்கு “ஜீவாணு” என்று பெயரிட்டார். அவை வளர்கின்றன, அரும்புவிட்டுப் பெருகுகின்றன என்று கூறினார். விஞ்ஞான உலகம் அவற்றை உயிர் என்று ஏற்கவில்லை. உருண்டையான தோற்றம் மட்டும் போதாது. பதிவேடும் வரவு செலவும் எங்கே என்று கேட்டது. உயிருக்கு இலக்கணம் வகுப்பது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. இலக்கணம் இன்றேல் தீர்ப்பும் இல்லை.

அச்சோதனைகளை 1967-இல் மீளாய்வு செய்தவருள் ஒருவர் சிரில் பொன்னம்பெரும. இலங்கையின் காலி நகரில் 1923-இல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று 1948-இல் பட்டம் பெற்றவர். பின்பு இரசாயனம் கற்று, அமெரிக்காவில் நாசாவின் ஆராய்ச்சிக் கூடத்தில் உயிரின் தோற்றத்தை ஆராய்ந்தார். 1969-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்னும் ஊரருகே ஒரு விண்கல் வீழ்ந்தது. பொன்னம்பெருமவும் அவர் குழுவினரும் அதனுள் அமினோ அமிலங்களைக் கண்டு 1970-இல் வெளியிட்டனர்.

கையால் தொட்டவர்களின் வியர்வையிலிருந்து அவை ஒட்டியிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். நம் இடக்கையும் வலக்கையும் போல அமினோ அமிலங்களுள்ளும் இருவகை உண்டு. பூமியின் உயிர்கள் தம் புரதங்களில் இடக்கை வகையையே கையாளுகின்றன. விண்கல்லிலோ இருவகையும் ஏறக்குறையச் சமமாய்க் கலந்திருந்தன. ஆகவே அவை விண்ணிலேயே உருவானவை எனத் தெளிந்தனர். பென்னு என்னும் சிறு கோளிலிருந்து 2023-இல் மண் கொணரப்பட்டது. அதனுள், உயிர்கள் புரதத்துக்குக் கையாளும் 20 அமினோ அமிலங்களுள் 14 இருந்தன என்று 2025-இல் அறிவித்தனர். செங்கல் அரியதன்று, அண்டவெளியெங்கும் சிதறிக் கிடக்கிறது.

செங்கல் கிடைத்தால் வீடு எழுந்துவிடுமா? இங்கே ஒரு சிக்கல். பதிவேடாகிய டி.என்.ஏ.வைப் பெயர்த்தெழுதப் புரதம் வேண்டும். புரதத்தை ஆக்கவோ பதிவேடு வேண்டும். விதை முந்தியா, மரம் முந்தியா? இம்முடிச்சை அவிழ்க்க உதவியது ஆர்.என்.ஏ. என்னும் மூன்றாவது பொருள். அது குறிப்பையும் தாங்கும். சில வேலைகளைத் தானே செய்யவும் வல்லது. இதனைக் கண்டறிந்த தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் இருவர்க்கும் 1989-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் உயிரணுக்களில் புரதத்தை ஆக்கும் பட்டறைக்கு ரிபோசோம் என்று பெயர். அதன் அமைப்பை அணு அணுவாக வரைந்து காட்டியதற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர், சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். இளமையிலேயே குடும்பத்தோடு பரோடாவுக்குக் குடிபெயர்ந்தவர்; அவரும் நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் சென்ற தமிழரே! மற்றை இருவர் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் என்போர். இவ்வாராய்ச்சிகளால் வெளிப்பட்ட உண்மை யாது? அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் அப்பட்டறையின் நடுவிடம் புரதத்தால் ஆனதன்று, ஆர்.என்.ஏ.யால் ஆனது. ஆகவே புரதத்துக்கும் டி.என்.ஏ.வுக்கும் முன்னே ஆர்.என்.ஏ.யின் காலம் ஒன்று இருந்தது என்று பலர் கருதுகின்றனர். அப்பழங்காலத்தின் எச்சம் நம் ஒவ்வோர் உயிரணுவிலும் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

இவையெல்லாம் குட்டையில் கூடினவா, ஆழ்கடலின் வெந்நீர் ஊற்றுகளில் கூடினவா என்பதில் இன்னும் முடிவு ஏற்படவில்லை. குடுவையிலே செங்கல் ஆக்கிய மனிதன் இன்றுவரை வெறும் செங்கல்லிலிருந்து உயிரை ஆக்கியதில்லை.

கல்லில் எழுதிய காலக்கணக்கு

பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். மேற்கு ஆஸ்திரேலியப் பாறைகளில் ஏறத்தாழ 348 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட நுண்ணுயிர்ப் படிவங்கள் கிடைத்துள்ளன. தொலைவிலுள்ள நாடு என்று எண்ண வேண்டா. பெங்களூர் லால்பாக்கிற்குக் குழந்தைகளுடன் செல்கிறீர்கள். அங்கே கெம்பேகௌடரின் கோபுரம் நிற்கும் குன்று ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமை உடையது. தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகப் போற்றப்படுவது. இதே கருநாடக மாநிலத்தின் சித்திரதுர்கா வட்டாரத்தில், 250 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழம்பாறைகளில் நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காய்ப் படிந்த சுவடுகள் உள்ளன. கதிரொளியில் உணவாக்கிய அத்தகைய நுண்ணுயிர்கள்தாம் ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னே காற்றில் பிராணவாயுவை நிறையச் செய்தன. நாம் இப்போது விடும் மூச்சு அவை தொடங்கிவைத்த கொடை.

மீண்டும் தோன்றாதா?

ஒரு முறை உயிரற்றதிலிருந்து உயிர் தோன்றியதெனில், இன்றும் தோன்றலாமே? சிந்திக்கத்தக்க வினா. இன்று ஒரு குட்டையில் அத்தகைய மூலப்பொருள் திரளுமாயின், உயிராக முதிர்வதற்குள் ஏதேனும் ஒரு நுண்ணுயிர் அதனை உண்டுவிடும். இவ்விடையை டார்வினே அக்கடிதத்தில் கூறிவிட்டார். மேலும், இன்று காற்றிலுள்ள பிராணவாயு அப்பொருள்களைச் சிதைத்துவிடும். அன்றைய பூமி இன்று இல்லை. முதல் உறை மறுமுறை விழ வழியில்லை.

அவையோரே! நான் கூறவந்த கருத்து இதுவே. உயிர் என்பது 350 கோடி ஆண்டுகளாக ஒரு நாளும் அறுபடாமல் கைம்மாறிக் கைம்மாறி வந்த உறைமோர். இடையில் ஒரு தலைமுறை தவறியிருந்தாலும் அக்கிளை இன்று இல்லை. நம் மடியில் அமர்ந்திருக்கும் இக்குழந்தையும், அதன் காலடியில் ஊரும் எறும்பும், அத்தனை கோடி ஆண்டுகளும் தவறாது உறை பெற்று வந்த மரபினர்.

இழந்த உறையைச் சிலவேளை இரவல் வாங்கலாம். நம் நாட்டில் சிவிங்கிப்புலி அற்றுப்போயிற்று என 1952-இல் அறிவித்தனர். 2022-இல் நமீபியாவிலிருந்து எட்டினைக் கொணர்ந்து மத்தியப் பிரதேசத்துக் காட்டில் விட்டனர். அயல்வீட்டில் இருந்ததால் இரவல் கிடைத்தது. மொரீஷியஸ் தீவின் டோடோப் பறவை 17-ஆம் நூற்றாண்டில் அற்றுப்போயிற்று. அதற்கு இரவல் தர உலகில் ஒரு வீடும் இல்லை.

நம் ஊர்ப் பெயரையே தாங்கிய சந்தாபுரா ஏரியை எண்ணிப் பாருங்கள். அது மாசடைவதைத் தடுக்கத் தவறியமைக்காக மாநில அரசு 500 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் ஆணையிட்டது. அத்தொகை பெரிது. ஆனால் கழிவு கலந்த நீரில் மடியும் மீனும் தவளையும் நீர்ப்பூச்சியும் எத்தனை கோடி ஆண்டுப் பதிவேடுகளைத் தாங்கியவை என்று கணக்கெழுதத் தொடங்கின், எந்தப் பேரேட்டிலும் அக்கணக்கு அடங்காது.

பிழைப்பு நாடி இங்கே வந்தோம். இவ்வூரின் நீரைக் குடித்தோம். “இது எங்கள் ஊர் அன்று” என்று ஏரியைப் பார்த்து முகம் திருப்புதல் தகாது. ஏரிக்கரையில் ஒரு வேலியேனும் நம் கையால் எழட்டும். வீட்டுக் கழிவும் குப்பையும் அந்நீரைச் சேராதிருக்க ஒவ்வொரு குடும்பமும் உறுதி கொள்ளட்டும். ஏரியைக் காக்கக் கன்னட உடன்பிறப்புகள் கூடும்போது நம் சங்கமும் உடன் நிற்கட்டும். “எந்த ஊர்க்காரர்?” என்று நம்மை ஒருவர் கேட்டால் மதுரை என்போம், சேலம் என்போம், தருமபுரி என்போம். அவற்றுக்கெல்லாம் முற்பட்ட பிறந்தவீடு ஒன்று நம் அனைவர்க்கும் பொதுவாக இருந்தது. அங்கிருந்து வந்த உறையைக் கெடாமல் அடுத்த தலைமுறையின் கையில் கொடுப்பதே நம் கடன்.



வாழ்க தமிழ்! வணக்கம்.